தன்னார்வலர் நடத்தும் மன்றத்தில் ஆசிரியருக்கு என்ன வேலை?

அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் இங்கே கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஊரில் படித்த இளைஞர்கள் 4 பேர் முன்வந்ததால் சனிக்கிழமை மாலைகளில் பறவை நோக்கல், வானியல், ஓவியம் என்று 3 மன்றங்கள் தொடங்கியிருக்கிறார். ஆறு மாதத்தில் 2 பேர் நின்றுவிட்டார்கள். 40 மாணவர்கள் வந்த இடத்தில் இப்போது 12 பேர். "பேசாமல் நானே நடத்திவிடலாமா, அல்லது மூடிவிடுவதே நல்லதா?" என்று முடித்திருக்கிறார்.

கேள்வி, மன்றத்தை யார் நடத்துவது என்பதுபோல இருக்கிறது. ஆனால் முழுவதையும் இரண்டு முறை படித்தபோது வேறொன்று தெரிந்தது. "அவர்கள் நடத்தும்போது நான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு அங்கே வேலையே இல்லை" என்று நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது அதுதான். பாடம் நடத்தாத இடத்தில் ஆசிரியருக்கு என்ன வேலை? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் வழி பிறந்துவிடும்.

நான் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் ஏறத்தாழ 20 ஆண்டுகள், பள்ளி மணி அடித்த பிறகு நடந்த மன்றங்களோடு கழிந்தன. துளிர் இல்லம் என்னும் சிறுவர் அறிவியல் மன்றம், பறவைக் குழு, சில காலம் தையல் மன்றம்கூட. நகரத்துத் தனியார் பள்ளிகளிலோ, கட்டணம் வாங்கி நடத்தும் வகுப்புகளிலோ எனக்குப் பழக்கமில்லை. அங்கே நான் சொல்வது பொருந்தாமல் போகலாம்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். மூட வேண்டாம். நீங்களே நடத்தவும் வேண்டாம். அந்த 40 குழந்தைகளுக்கு நீங்கள் வாரத்தில் ஐந்து நாளும் ஆசிரியர். சனிக்கிழமை நீங்கள் ஆசிரியராக இருக்க வேண்டியது அந்த 4 இளைஞர்களுக்கு. குழந்தைகளோடு இருப்பது அவர்கள் வேலை. அவர்களோடு இருப்பது உங்கள் வேலை. அதில் பெரும்பகுதி சனிக்கிழமை நடப்பதே இல்லை. ஒரு சனிக்கும் அடுத்த சனிக்கும் இடைப்பட்ட நாட்களில் நடக்கிறது. அதனால்தான் மன்றம் கூடும் அந்த இரண்டு மணி நேரத்தில் உங்களுக்கு வேலை இல்லாததுபோலத் தோன்றுகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் மூன்று ஆண்டுகள் எல்லாவற்றையும் நானே செய்தேன். பட்டதாரி இளைஞர் ஒருவர் பேச எழுந்தால், பாதியில் நான் ஒரு திருத்தம் சொல்வேன். பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். சில மாதங்களில் அவர் பாய் விரிப்பவராகவும் தண்ணீர்க் குடம் நிரப்புபவராகவும் ஆகிப்போனார். ஒருநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவருக்குப் பொறுப்பில்லை என்று அப்போது வருத்தப்பட்டேன். பொறுப்பை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டவள் நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

தன்னார்வலர்களோடு இருக்கும் அந்த வேலை எப்படி இருக்கும் என்பதற்கு நிழலில்லா நாளைச் சொல்கிறேன். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவில் இருக்கிற எந்த ஊரிலும் ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். திண்டுக்கல் பக்கத்தில் அது ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும். அன்று உச்சி நேரத்தில், நேராக நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. வானியல் மன்றத்தை நடத்திய தம்பி, இயற்பியல் பட்டம் முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர். பள்ளி மைதானத்தில் கம்பு நட்டு, சுற்றிலும் சுண்ணாம்பு வட்டம் போட்டு, பிள்ளைகளை நிற்க வைத்துவிட்டார். மணி 12 ஆயிற்று. கம்பின் அடியில் விரல் நீளத்துக்கு நிழல் அப்படியே கிடந்தது. பிள்ளைகள் அவரைப் பார்க்கிறார்கள். அவர் என்னைப் பார்க்கிறார்.

மகளை விட்டுச் செல்ல வந்த கொத்தனார் மேஸ்திரி ஒருவர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, கம்பு சாய்ந்திருக்கிறது" என்றார். சைக்கிளில் தொங்கிய பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து வந்து, கிழக்கே நின்று ஒரு தரம், தெற்கே நின்று ஒரு தரம் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கமாகப் பார்த்தால் நேராகத் தெரிகிற கம்பு, மறுபக்கம் சாய்ந்திருக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே அடியில் சல்லிக்கல் வைத்து இறுக்கினார். நிழல் குறுகிக்கொண்டே வந்தது. 12 மணி 18 நிமிடத்துக்கு முழுவதும் மறைந்துவிட்டது. கம்பைச் சுற்றி நின்ற பிள்ளைகள் தங்கள் தலை நிழல் தங்கள் காலடியிலேயே சுருண்டு கிடப்பதைப் பார்த்துக் குதித்தார்கள்.

அப்போது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "12 மணிதானே உச்சி? ஏன் 18 நிமிஷம் தாமதம்?" அந்தத் தம்பிக்கு விடை தெரியவில்லை. எனக்குத் தெரியும். முந்தைய ஆண்டுகளாக இருந்தால் சொல்லியிருப்பேன். அன்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். "அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன்" என்று அவரே சொன்னார். புதன்கிழமை மாலை என் வீட்டுக்கு வந்தார். விடையைச் சொல்லாமல் நிலவரைபடப் புத்தகத்தை மட்டும் எடுத்து வைத்தேன். நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரிய நேரத்தைக் காட்டுகிறது, நம் ஊர் 78 பாகை அருகில் இருக்கிறது, ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் நாலரைப் பாகைக்கு 18 நிமிடம் என்று அவரே கணக்குப் போட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமை அவர் பிள்ளைகளுக்கு விடை சொல்லவில்லை. அதே புத்தகத்தைத் தரையில் விரித்து வைத்தார்.

நீங்கள் தேடுகிற வேலை அந்தப் புதன்கிழமைதான். தன்னார்வலர் தடுமாறி நிற்கிற இடத்தைக் கவனிப்பது, பிள்ளைகள் முன்னால் அவரைக் காப்பாற்றப் போகாமல் இருப்பது, பிறகு தனியாக உட்கார்ந்து அவரே கரையேறுவதற்கு ஒரு படி கொடுப்பது. அந்த மேஸ்திரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு அவர் மாதம் ஒரு ஞாயிறு வந்து ரசமட்டம், மூலைமட்டம், தூக்குக்குண்டு ஆகியவற்றை வைத்துப் பிள்ளைகளோடு சின்னச் சின்னச் சுவர்கள் கட்டினார். எட்டாம் வகுப்போடு நின்றவர். கணக்குப் பாடத்தில் செங்கோணம் என்றாலே விழித்த பிள்ளைகள், 3 அடி, 4 அடி, 5 அடி நூல் பிடித்து மூலை பார்க்கக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். உங்கள் 4 பேரும் "படித்த இளைஞர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நின்றுபோன 2 பேருக்கு மாற்றாக ஆள் தேடும்போது பட்டத்தைப் பார்க்காதீர்கள். ஊரில் யாருக்கு எதன்மேல் ஆசை, யார் அதைப் பொறுமையாகக் காட்டுவார் என்று பாருங்கள்.

இன்னொரு காட்சி. 2019 டிசம்பர் 26 காலை, நிலா நடுவை மறைக்கச் சூரியன் வளையமாகத் தெரியும் வளையச் சூரிய கிரகணம் எங்கள் பகுதிக்கு மேலேயே கடந்துபோனது. தன்னார்வலர் ஒருவர் ஒலிபெருக்கி வாங்கி வந்து, கிரகணம் எப்படி ஏற்படுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் ஒன்பதரை மணிக்கு அருகில், மைதான ஓரத்து வேப்பமரத்தடியில் நாலைந்து சிறுமிகள் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலை இடுக்குகள் வழியே விழுந்த ஒளிப்பொட்டு ஒவ்வொன்றும் வானத்துச் சூரியனைப் போலவே வளையமாக இருந்தது. தரை முழுவதும் நூறு வளையல்களைக் கொட்டியதுபோல. அந்த வளையம் இருந்ததே மூன்று நிமிட அளவுதான். நான் பேச்சாளர் அருகே போய் மரத்தடியைக் கைகாட்டினேன். அவர் ஒரு கணம் தயங்கி, ஒலிபெருக்கியை வைத்துவிட்டு ஓடினார். எல்லோரும் ஓடினார்கள். அவர் சொல்ல நினைத்த எல்லாவற்றையும் அந்தப் பொட்டுகளை வைத்தே பிற்பாடு பிள்ளைகளோடு பேசினார்.

மன்றத்துக்கும் வகுப்புக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. தன்னார்வலர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பாடம் நடத்தியவர்களைப் போலவே நடத்துவார்கள். வேறு எதையும் அவர்கள் பார்த்ததில்லை. "பேசுவதைக் குறை" என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை. மரத்தடியைக் காட்ட வேண்டும்.

இந்த ஏற்பாடு நாம் கண்டுபிடித்ததன்று. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1902 ஜனவரியில் ஏ.பி. கிரகாம் என்கிற பள்ளிக் கண்காணிப்பாளர், கிராமத்துச் சிறுவர் சிறுமியரை ஸ்பிரிங்ஃபீல்டு நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் கூட்டி ஒரு மன்றம் தொடங்கினார். மக்காச்சோளம் வளர்ப்பது, லிட்மஸ் தாளால் மண்ணைச் சோதிப்பது போன்றவைதான் வேலை. அப்படி ஆங்காங்கே முளைத்த மன்றங்களே பிறகு ஃபோர்-எச் (4-H) என்னும் சிறுவர், இளைஞர் இயக்கம் ஆயின. 1914இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம், வேளாண் கல்லூரிகளின் அறிவை ஊர்களுக்குக் கொண்டுபோக விரிவாக்கப் பணியை ஏற்படுத்தியது. அதன் பிறகு ஒவ்வொரு வட்டாரத்திலும் சம்பளம் வாங்கும் அலுவலர் ஒருவர் இருப்பார். மன்றங்களை நடத்துவது உள்ளூர்ப் பெற்றோரும் விவசாயிகளும். அந்த அலுவலர் மன்றம் மன்றமாகப் போய் வகுப்பு எடுப்பதில்லை. ஆள் சேர்ப்பது, அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, பாதுகாப்பைக் கவனிப்பது, சண்டை வந்தால் தீர்ப்பது, நன்றி சொல்வது. நூறாண்டு தாண்டியும் அந்த வேலைப் பிரிவினை மாறவில்லை. அவர்களிடம் இருக்கிற பணமும் அலுவலகமும் நம்மிடம் இல்லை. ஆனால் அந்தப் பிரிவினைக்குப் பணம் தேவையில்லை.

நம் பக்கத்திலும் இதற்கு வேர் உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980இல் தொடங்கியது. 1987 முதல் வரும் துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழைச் சுற்றி, ஊர் இளைஞர்கள் நடத்தும் துளிர் இல்லங்கள் உருவாயின. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் சம்பளம் இல்லாமல் இரவுகளில் பாடம் சொல்லிக் கொடுத்ததை என் வயதுக்காரர்கள் நேரில் பார்த்திருக்கிறோம். "இந்தக் காலத்தில் யார் சும்மா வருவார்கள்" என்று உங்கள் தலைமையாசிரியர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வருவார்கள். எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

நின்றுபோன 2 பேருக்கு வருகிறேன். நான் பார்த்தவரை தன்னார்வலர்கள் நிற்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் மன்றத்துக்கு வெளியே இருக்கும். தேர்வு நெருங்குகிறது, வெளியூரில் வேலை கிடைக்கிறது, பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாகிறது. இதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. நாம் செய்கிற தவறு, முடிவே இல்லாமல் அவர்களைக் கேட்பது. "வாராவாரம் வாருங்கள்" என்றால் வருகிறவர் எப்போது நின்றாலும் குற்ற உணர்வோடுதான் நிற்பார். அதனால்தான் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை என்று கேளுங்கள். முடியும் தேதியை முதல் நாளே சொல்லுங்கள். அன்று பிள்ளைகள் முன்னால் விடைகொடுங்கள். விருப்பமிருந்தால் மறுபடி சேரட்டும். இப்படிக் கேட்கத் தொடங்கிய பிறகு எங்கள் குழுவில் பாதியில் விடுகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு மன்றத்துக்கு இருவர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 4 பேரை 3 மன்றங்களுக்குப் பிரித்தது என் கணக்கில் உங்கள் முதல் சறுக்கல். 2 மன்றம் போதுமானது.

சொல்லாமல் நிற்பது குழந்தைகளை எப்படித் தொடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஓவிய மன்றத்தில் ஒருவர் அப்படி நின்றபோது, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நான்கு வாரம் தொடர்ந்து ஓவிய நோட்டைக் கொண்டுவந்து, வாசல்படியில் உட்கார்ந்து, "அண்ணன் இன்றைக்கு வருவாரா டீச்சர்?" என்று கேட்டாள். ஐந்தாவது வாரம் நோட்டைக் கொண்டுவரவில்லை. 2002இல் கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதையே எண்களால் காட்டியது. ஒரு சிறுவருக்கு ஒரு பெரியவர் என்று துணையாக அமர்த்தியதில், ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகள் நல்ல மாற்றம் தந்தன. மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது. அது ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஏற்பாடு. பத்துப் பேர் கூடும் மன்றத்துக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது. ஆனாலும் அந்த நோட்டை நினைக்கும்போது, விடைகொடுக்கும் நாள் என்பது வெறும் மரியாதைச் சடங்கு என்று எனக்குத் தோன்றுவதில்லை. நின்ற 2 பேரையும் ஒரே ஒரு சனிக்கிழமை வந்து சொல்லிவிட்டுப் போகச் சொல்லிக் கேளுங்கள். வருவார்கள்.

40 பேர் 12 ஆனது பற்றி நான் அவ்வளவு கவலைப்படவில்லை. தொடக்கத்தில் வந்த 40 பேரில் பலர் உங்களுக்காக வந்திருப்பார்கள், சிலர் வேடிக்கை பார்க்க. விருப்பத்துக்கான மன்றம் என்றால் விருப்பமில்லாதவர் போய்விட வேண்டும். போக முடிகிறது என்பதால்தான் இருப்பவர்களின் இருப்புக்கு மதிப்பு. ஆனால் யார் போனார்கள் என்று கட்டாயம் பாருங்கள். பெயர்ப் பட்டியலை எடுத்து எண்ணுங்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பெண்கள் ஒரேயடியாகக் குறைந்திருந்தால், ஆர்வம் குறைந்தது காரணமன்று. சனிக்கிழமை மாலை 6 மணிக்கு முடிகிறது என்கிறீர்கள். வானியல் என்றால் இருட்டும் ஆகும். எந்த வீட்டிலும் கேள்வி வரும். எங்கள் பறவைக் குழுவில் காலை 6 மணிக்குக் கண்மாய்க்குப் போவதை ஏழரைக்கு மாற்றி, ஒரு பெண் தன்னார்வலரையும் சேர்த்த பிறகு, போன பெண்களில் பாதிப் பேர் திரும்பினார்கள். ஏழரைக்குப் பறவைகள் கொஞ்சம் குறையும். குறையட்டும். காலையில் தண்ணீர் பிடிக்கிற வேலை யாருடையது, தம்பியைப் பார்த்துக்கொள்வது யார், தொலைவிலிருந்து வருகிறவர்களுக்குக் கடைசி பஸ் எப்போது என்று வீடுவீடாகக் கேட்பதும் உங்கள் வேலையில் சேரும். தன்னார்வலர் கேட்டால் பெற்றோர் தயங்குவார்கள். டீச்சர் கேட்டால் சொல்வார்கள்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, அதனால் நானே சொல்கிறேன். இதில் இரண்டு கருத்துக்கு இடமே இல்லை. ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், அல்லது திறந்த வெளி. கைபேசியில் தனித்தனியாகக் குழந்தைகளுக்குச் செய்தி அனுப்பக் கூடாது. பெற்றோரும் நீங்களும் உள்ள குழுவில் மட்டும் செய்தி வர வேண்டும். வெளியூர்ப் பயணத்துக்குப் பெற்றோர் கையொப்பம் வேண்டும். எவ்வளவு நல்ல பையனாக இருந்தாலும், உங்கள் சொந்தத் தம்பியாக இருந்தாலும் இது பொருந்தும். விதி எல்லோருக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் யாருக்கும் அவமானமாக இருக்காது. யார்மீதோ சந்தேகம் வந்த பிறகு சொன்னால்தான் வலிக்கும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் குற்றம் இழைக்கப்பட்டது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே தண்டனைக்குரியது. அது தன்னார்வலருக்கும் பொருந்தும் என்பதை அவர்களுக்கு உட்கார வைத்துச் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மன்றம் கூடும் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள், குழந்தைகளின் கண் மட்டத்தில்.

பரிசு, சான்றிதழ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இங்கே நான் அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். வண்ணப் பேனாவால் வரைய விரும்பும் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் தாமாக வரைவது மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. சொல்லாமல் எதிர்பாராமல் கொடுத்த குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. பிறகு வந்த ஆய்வாளர்கள் இதை ஏற்றும் மறுத்தும் நிறைய எழுதிவிட்டார்கள், சர்ச்சை முடியவில்லை. என் அனுபவம் லெப்பர் பக்கம்தான் சாய்கிறது. பதக்கம் அறிவித்த ஆண்டுகளில் ஆய்வுப் போட்டிக்கான கட்டுரையைப் பெற்றோரே எழுதிக் கொடுப்பது அதிகமானது. ஆனால் வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு காகிதமும் இல்லாத குழந்தைக்கு அந்தச் சான்றிதழ் என்ன பொருள் தருகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால் நான் நடுவில் ஒரு வழி வைத்துக்கொண்டேன். முன்கூட்டி அறிவிப்பதில்லை, வரிசை எண் போடுவதில்லை, ஆண்டுக் கடைசியில் ஒவ்வொரு குழந்தைக்கும் அது செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட்டுத் தன்னார்வலர் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தருவார். "நீ எண்ணிய நீர்க்காகங்கள் 37" என்று தொடங்கிய ஒரு கடிதத்தை அந்தப் பையன் கல்லூரிக்குப் போகும்போதும் வைத்திருந்தான்.

தன்னார்வலருக்குப் பணம் தரலாமா என்பதும் இதன் உடன்பிறப்பான கேள்வி. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வைத்தார்கள். குறிப்பிட்ட பாடத்தைக் குறிப்பிட்ட நேரத்தில் நடத்தக் கேட்கும்போது அது நியாயமே. உங்கள் மன்றத்தைப் பொறுத்தவரை பஸ் கட்டணம், காகிதம், தேநீர்ச் செலவு அவர்கள் கையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய் வந்தாலும் போனாலும் நோட்டில் எழுதி, இருவர் கையொப்பம் போடுங்கள். கணக்கில்லாத நூறு ரூபாய் நல்ல குழுக்களை உடைத்திருக்கிறது.

"மன்றத்துக்கு வந்தால் மதிப்பெண் உயரும் என்று பெற்றோரிடம் சொல்லலாமா?" என்று கேட்கிறீர்கள். சொல்லாதீர்கள். ரிச்சர்ட் லெர்னர் குழுவினர் 2002 முதல் பல ஆண்டுகள் ஃபோர்-எச் இளைஞர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். திறமை, தன்னம்பிக்கை, உறவு, ஒழுக்கம், அக்கறை ஆகியவை வளரும்போது பிறருக்குப் பங்களிப்பதும் வளர்கிறது என்பது அவர்கள் வாதம். மன்றங்களில் இருந்தவர்கள் பல அளவுகளில் மேலாகத்தான் இருந்தார்கள். ஆனால் மன்றத்தால் அப்படி ஆனார்களா, ஏற்கெனவே வீட்டில் ஆதரவு உள்ள பிள்ளைகள்தான் மன்றத்துக்கு வருகிறார்களா என்று இத்தகைய ஆய்வில் முழுமையாகப் பிரித்துச் சொல்வது கடினம். என்னிடம் படித்து இப்போது நல்ல நிலையில் இருக்கும் பிள்ளைகளை வைத்து நான் எதையும் நிரூபிக்க மாட்டேன். வராமலேயே நல்ல நிலைக்கு வந்தவர்கள் அதைவிட அதிகம். பெற்றோரிடம் நான் உறுதியாகச் சொன்னது இவ்வளவுதான்: உங்கள் பிள்ளை வாரத்தில் இரண்டு மணி நேரம், தனக்குப் பிடித்த ஒன்றை, தன்மேல் அக்கறையுள்ள ஒரு பெரியவரோடு செய்யும், என்ன செய்வது என்பதில் அதன் பேச்சுக்கும் இடம் இருக்கும். பெரும்பாலான பெற்றோருக்கு அது போதுமானதாக இருந்தது.

பிள்ளையின் பேச்சுக்கும் இடம் இருக்கும் என்று கடைசியாகச் சொன்னேனே, அது முக்கியம். அடுத்த மாதம் என்ன செய்வது என்று பிள்ளைகள் முடிவு செய்கிறார்களா? எங்கள் பறவைக் குழு கிட்டத்தட்ட நின்றுபோன சமயத்தில் அதைத் தூக்கி நிறுத்தியது பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுவதும் நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்த பறவைகளையெல்லாம் எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். எந்தக் கண்மாய், யார் எண்ணுவது, யார் எழுதுவது, மாட்டுப் பொங்கல் அன்று போகலாமா கூடாதா என்று எல்லாவற்றையும் பிள்ளைகளே சண்டை போட்டு முடிவு செய்தார்கள். தன்னார்வலர் பறவையின் பெயரில் சந்தேகம் வந்தால் மட்டும் பேசினார். நான் சுண்டல் கொண்டுபோனேன். தேதி குறித்த, சின்னதான, முடிவு கண்ணுக்குத் தெரிகிற ஒரு வேலை தளர்ந்த குழுவுக்கு எவ்வளவு தெம்பு தரும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

ஆகவே வரும் சனிக்கிழமைக்கு முன் ஒரு வேலை. மீதமிருக்கும் 2 பேரையும் வியாழக்கிழமை மாலை வீட்டுக்குத் தேநீருக்கு அழையுங்கள். மன்றத்தை எப்படிச் சீர்செய்வது என்று தொடங்க வேண்டாம். "உங்களுக்கு அங்கே எந்த நிமிடம் பிடித்திருந்தது, எந்த நிமிடம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருங்கள். அந்த இரண்டாவது விடையில் உங்கள் அடுத்த மாத வேலை முழுவதும் இருக்கும். அந்த 12 பேரில் எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பெண்கள் எத்தனை பேர் என்பதையும் எண்ணிவிட்டு இங்கேயே எழுதுங்கள். நேரத்தை எப்படி மாற்றலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.